பதினேழாவது தவலை

2023 பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும். எங்கள் சின்னவன் வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத் தரையில், குப்புறப் படுத்துக்கொண்டு, ஒரு பித்தளைத் தவலையின் கழுத்தை விரலால் தடவித் தடவி எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தான். நாலே நாலு எழுத்து. புள்ளி புள்ளியாக உளியால் வெட்டியது. அதைப் படிக்க அவனுக்குக் கால் மணி நேரம் ஆனது. ஆனாலும் எழுந்து போகவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். ஏழு மாதமாகப் பாடப்புத்தகத்தை விரித்தால் ஏழு நிமிஷம் உட்காராத பிள்ளை அவன்.

வீட்டில் வைத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவர்கள் அடிக்கடி என்னிடம் கேட்பது, "என்னக்கா செஞ்சீங்க, எப்படிப் படிக்க ஆரம்பிச்சான்?" என்பதுதான். போனில் சொல்லி மாளவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

நாங்கள் செட்டிநாட்டில், கண்டனூரில் ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்கிறோம். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் என்று நீளும் வீடு. வீட்டுக்காரர்கள் வெளியூரில் இருக்கிறார்கள். கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்), படைப்பு (முன்னோருக்குப் படையல்) என்றால் வருவார்கள். நாங்கள் இருப்பது பின்கட்டில் இரண்டு அறைகளில். என் வீட்டுக்காரருக்குப் புதுவயலில் அரிசி ஆலையில் வேலை. நான் தமிழ் பி.ஏ. முடித்தவள். சாயங்காலம் நாலைந்து பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பேன். கூட மாமியார் இருக்கிறார், பிள்ளைகளுக்கு அப்பத்தா. பெரியவள் அப்போது ஏழாவது. சின்னவன் நாலாவது.

2022 ஜூனில், பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரம், சைக்கிளோடு விழுந்து சின்னவனுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. மாவுக்கட்டு போட்டார்கள். பிரித்துப் பார்த்தால் எலும்பு நேராகக் கூடவில்லை. மறுபடி ஆபரேஷன், மறுபடி கட்டு. அந்த வருஷம் போயிற்று. அடுத்த வருஷமும் படியேற முடியாமல் வீட்டிலேயே இருந்தான். அவன் படித்துக்கொண்டிருந்த பள்ளியில், "திரும்ப வந்தா நாலாவதுலதான் உட்காரணும்" என்றார்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தில் பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று இருக்கிறது. இது தெரியாமல் நான் இரண்டு மாதம் தூக்கமில்லாமல் கிடந்தேன். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் மூன்றாம், ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குச் சமமாக ஏ, பி, சி என்று மூன்று நிலைகள் இருப்பதும் பிறகுதான் தெரிந்தது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நிலைமை வந்தால், முதலில் இந்த இரண்டையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சரி, படிப்புக்கு வருகிறேன். ஆரம்பத்தில் நான் வீட்டையே பள்ளிக்கூடமாக்கப் பார்த்தேன். காலை ஒன்பதரைக்கு மணி அடிக்காத குறை. தமிழ்ப் பாடத்தில் பத்து வரி சத்தமாக வாசிக்க வேண்டும். அவன் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, நாலாவது சொல்லுக்கு வரும்போது முதல் சொல்லை மறந்திருப்பான். கொரோனா வந்தபோது அவன் முதல் வகுப்பு முடித்திருக்கவில்லை. எழுத்து ஊன்ற வேண்டிய காலத்தில் பள்ளிக்கூடமே இல்லை. இது எனக்கும் தெரியும். தெரிந்தும் கோபம் வந்தது. அவன் அழுவான், நானும் அழுவேன். அப்பத்தா நடுவில் வந்து, "பிள்ளைய விடு ஆத்தா, காலுதானே ஒடிஞ்சிருக்கு, மனசையும் ஒடிச்சுப்புடாத" என்றார்.

அந்த மார்கழியில்தான் வீட்டுக்கார ஆச்சி போன் செய்தார்கள். தை மாதம் பேத்திக்குக் கல்யாணம். சாமான் பரப்ப (சீர்ப் பாத்திரங்களை எல்லாரும் பார்க்க அடுக்கி வைக்க) வேண்டும், அறையைத் திறந்து பாத்திரங்களை இறக்கி, பெரிய ஆச்சி எழுதி வைத்த நோட்டோடு ஒத்துப் பார்த்து வையுங்கள் என்றார்கள். பெரிய ஆச்சி அவர்கள் மாமியார், இப்போது இல்லை. நீள நோட்டு, சிவப்பு அட்டை. வீட்டில் இருக்கிற ஒவ்வொரு உருப்படியும் அதில் இருக்கிறது. அண்டா, கங்காளம், தவலை, சருவம், அடுக்குச்சட்டி, தாம்பாளம், குத்துவிளக்கு, கிண்டி, பன்னீர்ச் செம்பு.

பாத்திரம் துலக்க நானும் பெரியவளும் புளியும் கையுமாக உட்கார்ந்துவிட்டோம். ஈரக்கையால் நோட்டைத் தொட முடியாது. வேறு ஆள் இல்லை. "தம்பி, நீ படிச்சுச் சொல்லுடா, நாங்க எடுத்து வைக்கிறோம்" என்றேன். படிக்க வைக்க வேண்டும் என்ற எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கு நிஜமாகவே ஒரு கை தேவைப்பட்டது.

கட்டுப் போட்ட காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு படித்தான். "தா... தாம்... தாம்பா... தாம்பாளம் பெரிசு, ஆறு!" நாங்கள் ஆறையும் தேடி அடுக்குவோம். அவன் பென்சிலால் டிக் போடுவான். தப்பாகப் படித்தால் எங்கள் கைக்குத் தப்பான பாத்திரம் வரும், எண்ணிக்கை உதைக்கும், அவனே திரும்பப் பார்ப்பான். நான் ஒரு தடவைகூடத் திருத்தவில்லை. திருத்துகிற வேலையைப் பாத்திரங்கள் பார்த்துக்கொண்டன.

மத்தியானம் ஒரு இடத்தில் நின்றுவிட்டான். "தவலை நடுத்தரம் பதினேழுன்னு போட்டிருக்கு. பதினாறுதான் இருக்கு."

எண்ணினோம். பதினாறுதான். மறுபடி எண்ணினோம். எனக்கு அடிவயிறு கலங்கியது. அடுத்தவர் வீட்டுச் சாமான். நம்பிச் சாவியைக் கொடுத்திருக்கிறார்கள். ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அவனுக்கும் தூக்கம் வரவில்லை போல. மறுநாள் காலையில் நான் எழுவதற்கு முன்னாலேயே நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "வேற எங்கயாச்சும் எழுதியிருக்கும்மா" என்றான்.

நாற்பது பக்க நோட்டு. நாலு நாள் படித்தான். பெரிய ஆச்சியின் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும். ஆனால் பழைய எழுத்து. "லை" போடும்போது யானைத் துதிக்கை மாதிரி மேலே ஒரு சுழி போட்டிருப்பார்கள். "னா" "றா" எல்லாம் வேறு மாதிரி வளைந்திருக்கும். 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்த பிறகுதான் நாம் இப்போது எழுதுகிற வடிவம் வந்தது என்று சொன்னேன். இவன் ஒரு தாளில் இடப்பக்கம் பழைய எழுத்து, வலப்பக்கம் புது எழுத்து என்று தானே ஒரு சாவி போட்டுக்கொண்டான். அதை வைத்துக்கொண்டு படிக்கப் படிக்க வேகம் வந்தது. நாலாம் நாள் சாயங்காலம், கடைசி அட்டையின் உள்பக்கத்தில், பென்சிலில், பாதி அழிந்த ஒரு வரியைக் கண்டுபிடித்தான். தவலை ஒன்று கோயில் பொங்கலுக்குக் கொடுத்தது, திரும்பி வரவில்லை.

அவன் கூப்பிட்ட சத்தத்தில் அப்பத்தா கொல்லையிலிருந்து ஓடி வந்தார்.

அன்றைக்கு எனக்கு ஒன்று விளங்கியது. இந்தப் பிள்ளைக்குப் படிப்பில் வெறுப்பு கிடையாது. படித்து முடித்தால் ஒன்றும் ஆகாது என்பதில்தான் அவனுக்கு வெறுப்பு. பத்து வரி வாசித்தால் அடுத்த பத்து வரி வரும், அவ்வளவுதான். இந்த நோட்டில் அப்படி இல்லை. ஒரு வரியைப் படித்தால்தான் அடுத்து கையை எங்கே நீட்டுவது என்று தெரியும். அதன்பிறகு நான் செய்ததெல்லாம் இந்த ஒன்றைத்தான். கையில் ஒரு வேலை. அந்த வேலையின் அடுத்த படி எழுத்துக்குள் இருக்க வேண்டும். அல்லது அவன் எழுதினால்தான் அடுத்தவருக்கு வேலை நடக்க வேண்டும்.

முதலில் பாத்திரங்களிலிருந்தே தொடங்கினோம். இந்தப் பக்கத்து வீடுகளில் பாத்திரம் என்றால் அதில் விலாசம் வெட்டியிருக்கும். பாட்டையா, ஐயா, அப்பச்சி என்று முதலெழுத்துகள் வரிசையாக. மெல்லிய தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலைப் படுக்கைவசத்தில் தேய்த்தால் எழுத்து வெள்ளையாக எழுந்து வரும். ஆச்சியிடம் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தேய்த்து எடுத்து, தேதி போட்டு, எந்தப் பாத்திரம் என்று எழுதி ஒட்டினான். விலாசம் மாறுகிற இடங்களைப் பிடித்து, "இது இந்த வீட்டுச் சாமான் இல்லம்மா, பொண்ணெடுத்த வீட்டுலேருந்து வந்தது" என்பான். ஆச்சியிடம் போனில் கேட்டால் சரியாக இருக்கும்.

பிறகு அடிப்பக்கங்கள். எனாமல் தட்டு, பீங்கான் சாடி, சுவரில் பதித்த பூக்கல் என்று எதைத் திருப்பினாலும் ஒரு ஊர்ப் பெயர் இருக்கும். ஜப்பான், சுவீடன், இங்கிலாந்து. தூண்கள் பர்மாத் தேக்கு. ஒரு டிரங்குப் பெட்டியில் பினாங்கு என்று சீட்டு ஒட்டியிருந்தது. ஒரு உலக வரைபடத்தை அடுப்படிச் சுவரில் ஒட்டி, கண்டனூரில் ஒரு குண்டூசி, அந்த ஊரில் ஒரு குண்டூசி, நடுவில் நூல். சமூக அறிவியலில் வணிகம், கடல்வழி, கண்டங்கள் என்று நான் தனியாக நடத்தவேயில்லை. "ரங்கூனுக்குக் கப்பல்ல எத்தனை நாளு?" என்று அவன் கேட்டுக்கொண்டு வருவான். நாங்கள் இரண்டு பேரும் தேடுவோம்.

அடுத்தது ஆத்தங்குடிக் கல், இந்தப் பக்கத்து வீடுகளில் தரையில் பதிக்கிற பூவேலைக் கல். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் வீட்டில் செய்து பார்க்கலாம்.

கட்டுப் பிரித்த பிறகு ஒருநாள் அவனை ஆத்தங்குடிக்குக் கூட்டிப் போனோம். பட்டறையில் கல் செய்கிறவர் ஒரு கண்ணாடித் துண்டைத் துடைத்து, அதன்மேல் இரும்புச் சட்டம் வைக்கிறார். சட்டத்துக்குள் பூவேலை அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஒரு வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றுகிறார். அச்சை அசையாமல் தூக்குகிறார். வண்ணங்கள் ஒன்றோடொன்று ஓடிக் கலக்காமல் அப்படியே நிற்கின்றன. மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அதற்கு மேல் ஈரக் கலவையை அப்பி மட்டம் செய்கிறார். அப்புறம் காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறப்போடுகிறார்கள். சூளை கிடையாது, நெருப்பு கிடையாது. கடைசியில் கண்ணாடி தானாகக் கழன்று வருகிறது. அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. சின்னவன் அங்கே வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில், "முகம் கீழ இருக்கு, முதுகுதான் மேல இருக்கு" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தான்.

சிமெண்டு சின்னப் பிள்ளைகள் கையை அரிக்கும். அதனால் நாங்கள் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வாங்கினோம். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். பழைய போட்டோ பிரேம் கண்ணாடி ஒன்று, விளிம்புக்கு டேப் ஒட்டினது. சுற்றி அட்டைச் சட்டம், உள்பக்கம் தேங்காயெண்ணெய் தடவியது. ஒரு பங்கு தண்ணீருக்கு இரண்டு பங்கு மாவு. தண்ணீரில்தான் மாவைத் தூவ வேண்டும், மாவில் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டும். வண்ணத்துக்கு போஸ்டர் கலர். மாவைத் தூவும்போது மூக்கில் துணி கட்டச் சொல்லுங்கள். மிச்சக் குழம்பைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், உள்ளே கல்லாகிவிடும். முக்கியமாக, கையை அந்தக் குழம்புக்குள் விட்டுவைக்கக் கூடாது. இறுகும்போது சூடாகும்.

அந்தச் சூட்டைத்தான் அவன் பிடித்துக்கொண்டான். சட்டத்தின் வெளிப்பக்கம் கை வைத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, இது என் கட்டு மாதிரியே சுடுது" என்றான். "உன் மாவுக்கட்டும் இதுதான்டா" என்றேன். கண் விரிந்தது. ஜிப்சத்தைச் சுட்டால் அதிலிருக்கிற நீரில் பெரும்பகுதி போய் மாவாகிறது, திரும்பத் தண்ணீர் சேர்த்தால் அந்த நீரை வாங்கிக்கொண்டு சூட்டை வெளியே விட்டு மறுபடி கல்லாகிறது. அவன் காலில் இரண்டு தடவை நடந்த விஷயம். அறிவியல் புத்தகத்தில் பொருள்களின் மாற்றம் என்கிற பாடத்தை அன்றைக்கு ராத்திரி அவனாகவே எடுத்தான். யாரும் சொல்லவில்லை.

முதல் கல்லில் அவன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டிருந்தான். கண்ணாடியைக் கழற்றித் திருப்பினால் எழுத்து இடவலமாக மாறிக் கிடந்தது. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் போய்க் காட்டிப் பார்த்தான், சரியாக வந்தது. அடுத்த கல்லுக்கு எழுத்தைத் தாளில் எழுதி, தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்து, பின்பக்கம் தெரிந்த கோட்டின்மேல் வரைந்து, அதை அச்சாக வெட்டினான். "க" எந்தப் பக்கம் வளைகிறது, "த" எங்கே தொடங்குகிறது என்று எந்தக் கோடு போட்ட நோட்டும் அவனை இப்படிப் பார்க்க வைத்ததில்லை. "ன"வையும் "ண"வையும் மாற்றி எழுதுகிற பழக்கம் அந்த மாதத்தோடு போனது. ண-வுக்கு எத்தனை சுழி என்பதை அட்டையில் கத்தரித்துப் பார்த்தவன் பிறகு எப்படி மறப்பான்?

கணக்குக்கு வந்தால், என்னிடம் பெரிய ஆயுதம் ஆச்சி வீட்டுப் படிதான். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. வரிசையாக எல்லாமே பித்தளையில் இருக்கின்றன. ஒரு படி அரிசியைக் கொடுத்து, "இதை எட்டுப் பேருக்குப் பங்கு போடு" என்றால் போதும். அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று என்று புத்தகத்தில் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆழாக்கே அரைக்கால் படிதான், கையில் இருக்கிறது. அரைக்காலில் பாதி என்ன என்று கேட்டான். மாகாணி, வீசம் என்றும் சொல்வார்கள், பதினாறில் ஒன்று என்றார் அப்பத்தா. எழுதப் படிக்கத் தெரியாத அப்பத்தா முந்திரி வரைக்கும் வாய்ப்பாடு சொன்னபோது நான்தான் திகைத்துப் போனேன். முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று.

அப்படியே வெள்ளைப் பணியாரத்துக்குப் போனோம். பெரிய ஆச்சி நோட்டிலேயே அளவு இருக்கிறது. பச்சரிசியை ஆழாக்கில் தலைதட்டி அளந்து, அதன் தலையிலேயே உளுந்தைக் கோபுரமாக வைக்க வேண்டும். அந்தக் கோபுரம்தான் உளுந்தின் அளவு. இவன் "தலைதட்டி" என்பதைப் படித்தான், "கோபுரமாக" என்பதைத் தாண்டிவிட்டான். உளுந்தையும் மட்டமாகத் தட்டி, ஒரு பிடி போல மேலே தூவியிருக்கிறான். நான் பார்த்தும் சொல்லவில்லை. எண்ணெயில் ஊற்றினால் பணியாரம் மெத்தென்று எழும்பாமல் தட்டையாக, விறைப்பாக வந்தது. (எண்ணெய்ச் சட்டி என் வேலை, அவன் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தான்.) அப்பத்தா ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "உளுந்து பத்தலடா" என்றார். நோட்டை எடுத்தான். விரல் வைத்துப் படித்தான். "ஐயோ, கோபுரம்!" மறுநாள் திரும்பச் செய்தோம். வெள்ளை வெளேரென்று, ஓரம் சுருங்காமல் வந்தது. மிளகாய்ச் சட்னியோடு பதினொரு பணியாரம் தின்றான். ஒரு சொல்லைத் தாண்டினால் என்ன ஆகும் என்பது பிள்ளைக்கு நாக்கில் தெரிய வேண்டும்.

கோலத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அக்காள் போடுவாள், இவன் உட்கார்ந்த இடத்திலிருந்து புள்ளிக்கணக்கைப் படித்துச் சொல்வான். ஏழு நேர்ப்புள்ளி ஒன்றில் நிறுத்தினால் 25 புள்ளி. ஏழு ஊடுபுள்ளி நாலில் நிறுத்தினால் 37. ஐந்துக்கு 13, ஒன்பதுக்கு 41 என்று நேர்ப்புள்ளிக்கு மட்டும் தனியாக ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறான். கூட்டிக்கொண்டே போவதற்குப் பதில் ஒரு குறுக்குவழி இருப்பதைப் பெரியவள் கண்டுபிடித்தாள். 25 என்பது மும்மூன்று ஒன்பதும் நாநான்கு பதினாறும் சேர்ந்தது. 41க்குப் பதினாறும் இருபத்தைந்தும். வீட்டில் பிள்ளைகளோடு போட்டுப் பாருங்கள்.

கொட்டான் என்கிற பனையோலைக் கூடை முடைவது வேறு விதமாக உதவியது. தெருக்கோடியில் ஒரு ஆச்சி முடைவார்கள். ஓலையைச் சீராகக் கிழித்து, ஈர்க்கு எடுத்து, நனைத்து, சாயம் ஏற்றி, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னுவது. சின்னவன் உள்ளங்கையளவு கொட்டான் ஒன்று முடித்ததும், "இதை எப்படிச் செய்யணும்னு எழுது. மாமா மகள் அதைப் படிச்சுத்தான் செய்வாள். நீ பக்கத்துல இருந்து வாயே திறக்கக் கூடாது" என்றேன். ஒன்பது வரி எழுதினான். "ஓலையை நனைக்கவும்" என்று ஒரு வரி. எவ்வளவு நேரம் என்று இல்லை. அந்தப் பிள்ளை தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுத்து மடித்தாள், மடிப்பில் படக்கென்று விரிந்துவிட்டது. இவனுக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. நாலு தடவை திருத்தி எழுதினான். கடைசித் தாளில் பதினெட்டு வரி. "ஓலை விரலில் சுற்றினால் முறியாமல் வளையும் வரை ஊற வேண்டும்." இந்த ஒரு வாக்கியத்துக்காக நான் எத்தனை கட்டுரை நோட்டுகளையும் விட்டுக்கொடுப்பேன்.

வாசிப்பு என்று தனியாக நாங்கள் வைத்துக்கொண்டது ராத்திரி அரைமணி. அதுவும் அப்பத்தாவுக்காக. அவருக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் ஊர் நடப்பெல்லாம் தெரிய வேண்டும். பேப்பரில் தங்கம் விலை, மழை, இரங்கல் செய்தி, இந்த மூன்றும் கட்டாயம். இவன் படித்துப்போட்டுவிட்டு ஓட முடியாது. "எந்த ஊருடா? எத்தனை வயசாம்? யாரு மகன்னு போட்டிருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். பதில் சொல்ல மறுபடி மேலே போய்ப் படிக்க வேண்டும். பாடப்புத்தகத்தின் கடைசியில் இருக்கும் கேள்விகளுக்கு விடை முன்னாலேயே ஆசிரியருக்குத் தெரியும் என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். அப்பத்தாவுக்கு நிஜமாகவே தெரியாது. அதனால் இவன் நிஜமாகவே சொன்னான். கதைகளுக்கு ஊர்க் கிளை நூலகத்தில் அட்டை போட்டோம். செல்போனில் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழில் படக்கதைகள் இலவசமாக இருக்கின்றன, அதையும் சில நாள் அப்பத்தாவுக்குப் படித்துக்காட்டினான். யானை கதை என்றால் இரண்டு பேரும் மறுபடி மறுபடி கேட்பார்கள்.

ஒரு பழைய பிஸ்கட் தகரத்தில் அச்சடித்த தாள்களைச் சேர்த்தான். பஸ் டிக்கெட், தீப்பெட்டிப் படம், கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ். இதெல்லாம் குப்பை என்று அவன் அப்பா எடுத்துப்போட இருந்தார். நான் கோட்டையூர் ரோஜா முத்தையாவைப் பற்றிச் சொன்னேன். நமக்குக் கூப்பிடு தூரத்து ஊர்க்காரர். ஓவியர். பழைய புத்தகங்களோடு நோட்டீஸ், அழைப்பிதழ் என்று கண்ணில் பட்ட அச்சுத்தாளையெல்லாம் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். ஒரு லட்சம் வரை சேர்ந்தது. 1992இல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, நாட்டைவிட்டு எடுத்துப் போகாமல், சென்னையிலேயே 1994இல் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகமாக ஆக்கியது. அன்றையிலிருந்து அந்தத் தகரத்துக்கு எங்கள் வீட்டில் தனி மரியாதை. அவன் அப்பா இப்போது ஆலையிலிருந்து வரும்போது பழைய அரிசிப்பைச் சீட்டுகளைக் கொண்டுவந்து கொடுக்கிறார்.

எல்லாமே பலிக்கவில்லை. கடையில் வாங்கிய கைவேலைப் பெட்டிகள், மினுமினுப்புத்தூள், பேப்பர் தட்டில் சிங்க முகம், இவையெல்லாம் ஒரு மணி நேரம் பிள்ளையை உட்கார வைத்தன, அவ்வளவுதான். எழுத்தே தேவைப்படாத வேலைகள் அவை. படத்தைப் பார்த்தே செய்துவிடுவான். வீடியோ பார்த்துச் செய்ததும் அப்படித்தான், நிறுத்தி நிறுத்தி ஓட்டினானே தவிர ஒரு சொல்கூட மனதில் தங்கவில்லை. வீடியோவை நான் தடுக்கவில்லை, ஆனால் படிப்பில் சேர்க்கவும் இல்லை.

2023 மே மாதம் கீழடிக்குப் போனோம். அருங்காட்சியகம் அந்த மார்ச்சில்தான் திறந்திருந்தார்கள், நம்ம செட்டிநாட்டு வீட்டு அமைப்பிலேயே கட்டியிருக்கிறார்கள். தூணையும் முற்றத்தையும் பார்த்ததும், "நம்ம வீடு மாதிரியே இருக்கு" என்று ஊன்றுகோலோடு வேகம் எடுத்தான். உள்ளே பானை ஓடுகள். இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேலான ஓடுகளில் கீறிய தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்து. ஆதன் என்று ஒரு பெயர். அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றவன் நகரவேயில்லை. பின்னால் வரிசை நின்றது. "பேரு வெட்டியிருக்காங்கம்மா" என்றான். "பானை மாறிப் போயிரும்ல, அதுக்குத்தான்." பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் திரும்பி அவனைப் பார்த்தார். அவன் கையில் தாளும் பென்சிலும் இருந்தன. தேய்த்து எடுக்க முடியாது என்பதால் பார்த்து எழுதிக்கொண்டான்.

2024 ஜூனில் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்த்தோம். தலைமை ஆசிரியர் ஒரு பத்தி படிக்கச் சொன்னார். படித்தான். இன்னும் வேகம் குறைவுதான், பெரிய சொல் வந்தால் நின்று பார்த்துத்தான் போகிறான். ஆனால் நிற்கப் பயப்படுவதில்லை.

அந்தத் தவலையைச் சொல்ல மறக்கவில்லை. கல்யாணத்துக்கு ஆச்சி வந்தபோது நோட்டின் கடைசி அட்டையைச் சின்னவனே காட்டினான். ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, "எங்க மாமியார் கையெழுத்துதான். நீயே கோயிலுக்கு ஒரு கடுதாசி எழுது தம்பி" என்றார்கள். எழுதினான். அனுப்புநர், பெறுநர், பொருள், எல்லாம் முறைப்படி. இன்ன வீட்டுத் தவலை, நடுத்தரம், பித்தளை, கழுத்தில் இன்ன விலாசம் வெட்டியிருக்கும் என்று எழுதி, தேய்த்தெடுத்த தாளில் ஒன்றையும் மடித்து உள்ளே வைத்தான். மூன்று வாரம் ஒன்றும் வரவில்லை. தினமும் வாசலைப் பார்ப்பான். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கோயில் மடப்பள்ளிக்காரர் டிவிஎஸ் வண்டியில் முன்னால் தவலையை வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். அடி கரிபிடித்து, ஒரு பக்கம் ஒடுங்கியிருந்தது. சின்னவன் அதை வளவில் படுக்கவைத்து, தாளைப் பக்கத்தில் வைத்து, நாலு எழுத்தையும் விரலால் தொட்டு ஒத்துப் பார்த்தான். பிறகு சிவப்பு நோட்டை எடுத்து, கடைசி அட்டையில் பெரிய ஆச்சியின் பென்சில் வரிக்குக் கீழே, பேனாவால், "வந்தது" என்று எழுதித் தேதி போட்டான்.